ஜார்ஜ் மேசன் பத்தி எழுதுறப்ப எங்கெல்லாம் சறுக்குறாங்க

ஜார்ஜ் மேசன் அமெரிக்கா தனி நாடா உருவான காலத்துல இருந்த வர்ஜீனியாத் தலைவர்கள்ல ஒருத்தர். அவரைப் பத்தி எழுதுறப்ப முதல் சறுக்கல் மொழிபெயர்ப்புலயே வந்துடுது. இங்கிலீஷ்ல அவரை பிளான்டர்னு சொல்வாங்க, அதைத் தோட்டக்காரர்னு போட்டுடுறாங்க, ஏதோ ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்துனவர் மாதிரி. மேசன் வர்ஜீனியாவுல பொட்டோமாக் ஆத்தங்கரையில ஆயிரக்கணக்கான ஏக்கர் வச்சிருந்த பண்ணை முதலாளி, புகையிலை போட்டவர், ஆனா மம்பட்டி பிடிச்சது அவர் இல்ல, அவர்கிட்ட இருந்த அடிமைங்க. எஸ்டேட் துரைன்னு சொன்னா சட்டுன்னு பிடிபடும்.

அடுத்து பேரு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, மகன் எல்லாருமே ஜார்ஜ் மேசன்தான், நம்மாளு நாலாவது. 1735ல பொட்டோமாக்ல படகு கவிழ்ந்து செத்தது அவரோட அப்பா, ரெண்டு பேரையும் கலந்து அடிச்சுடாதீங்க. பிறந்த நாள் 1725 நவம்பர் 30னும் இருக்கும் டிசம்பர் 11னும் இருக்கும், ரெண்டும் சரிதான், 1752ல பிரிட்டன் காலண்டரை மாத்துனதால வந்த வித்தியாசம். வக்கீல்னும் எழுதாதீங்க, மாமா ஜான் மெர்சரோட லைப்ரரியில உக்காந்து படிச்ச சட்டம்தான்.

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதுன ஜெபர்சனைப் பாத்து மேசன் எழுதுனார்னு சொல்றது தலைகீழ். மேசன் முன்னாடி நின்னு எழுதுன வர்ஜீனியா உரிமைப் பிரகடனம் நிறைவேறுனது 1776 ஜூன் 12, சுதந்திரப் பிரகடனம் ஜூலை 4. மேசனோட வரைவுல எல்லா மனுஷனும் பிறப்புல சமமான சுதந்திரம் உள்ளவன்னு இருந்துச்சு, அதைப் படிச்சதும் வர்ஜீனியா சபையில இருந்த மத்த முதலாளிங்களுக்கு பக்குன்னு ஆயிடுச்சு, அப்போ நம்ம அடிமைங்களும் இதைக் கேப்பாங்களேன்னு. 'சமூகத்துக்குள்ள நுழையும்போது'ன்னு ஒரு வரியைச் செருகி, அடிமைங்க அந்தச் சமூகத்துலயே இல்லன்னு சமாளிச்சுட்டாங்க. அந்த வரி மேசனோடது இல்ல, அதையும் அவர் கணக்குல எழுதிடாதீங்க.

இருக்கறதுலயே பெரிய தப்பு அவரை அடிமை ஒழிப்பு வீரர் ஆக்குறது. 1787ல பிலடெல்பியாவுல கூடுன சபை எழுதுன அமெரிக்க அரசியலமைப்புல கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னாரே, அது அடிமை முறையை எதிர்த்துதான்னு சிலர் எழுதுறாங்க. அவர் எழுதி வச்ச ஆட்சேபத்துல முதல் வரியே உரிமைப் பிரகடனம் இல்லங்கறதுதான். அடிமை வச்சிருக்கற ஒவ்வொருத்தனும் பிறவியிலேயே குட்டிக் கொடுங்கோலன்னு அந்தச் சபையிலயே பேசுனார், உண்மை. அடுத்த வருஷம் அந்த அரசியலமைப்பை ஏத்துக்கறதான்னு முடிவு பண்ண ரிச்மண்ட்ல வர்ஜீனியா சபை கூடுனப்ப அதே மனுஷன் எந்திரிச்சு, ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கற அடிமைங்க நம்ம சொத்தாவே இருக்கறதுக்கு இந்தச் சட்டத்துல பாதுகாப்பே இல்லையேன்னு குறைப்பட்டார். முதல் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டா ஆளே மாறிடுவார். 1773ல மனைவி செத்த மாசமே உயில் எழுதுனார், அதுல ஒரு அடிமையைக்கூட விடுவிக்கல, பிள்ளைங்களுக்குப் பங்கு பிரிச்சு வச்சார். 1792ல அவர் செத்தப்ப நடைமுறைக்கு வந்தது அந்த உயில்தான்.