‘ஷேகா ஜி சௌதாஜி’: ஒரே பாட்டின் பல ஒலிப்பதிவுகளை வரிசையாகக் கேட்பது எப்படி

பிரேசிலின் போசா நோவா என்ற இசை வகை எங்கே தொடங்கியது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பலரும் காட்டுவது ‘ஷேகா ஜி சௌதாஜி’ பாட்டைத்தான். ‘போதும் இந்த ஏக்கம்’ என்று பொருள். மெட்டு அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம், வரிகள் வினிசியஸ் ஜி மொராயிஸ். 1958இல், சில மாத இடைவெளியில், இரண்டு வெவ்வேறு குரல்களில் இது பதிவானது. இரண்டிலும் கிட்டார் வாசித்தவர் ஒருவரே. அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலே போசா நோவாவில் என்ன புதிது என்று காது கண்டுபிடித்துவிடும். ஒரு மாலை நேரமும் நல்ல ஹெட்போனும் போதும்.

ஹெட்போன் கட்டாயம். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் அந்த அளவு கனமான ஒலி எழும்பாது. இந்தப் பாட்டின் தாளமோ அங்கேதான் இருக்கிறது.

முதலில் பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிசெத் கார்டோசோ பாடியது, ‘கான்சாவ் டு அமோர் ஜிமாய்ஸ்’ என்ற எல்பியில் (பல பாட்டுகள் கொண்ட நீண்ட இசைத்தட்டு), 1958. கவிதை வாசிப்புத் தட்டுகளுக்குப் பெயர்போன ஃபெஸ்டா என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அடுத்தது, இரண்டிலும் கிட்டார் வாசித்த ஜோவாவ் ஜில்பெர்ட்டோ தானே பாடியது: 1958 ஜூலை 10 அன்று பதிவு, ஓடியன் 14.360 என்ற எண்ணுள்ள 78 சுழற்சித் தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு), மறுபக்கம் ‘பிம் பொம்’. 1959இல் வந்த அவருடைய முதல் எல்பிக்கும் இதே பாட்டின் பெயர்தான். அதனால் தேடும்போது பாட்டின் பெயரோடு பாடியவர் பெயரையும் போர்த்துகீசிய எழுத்திலேயே (Chega de Saudade, Elizeth Cardoso, João Gilberto) சேர்த்துப் போடுங்கள். ஆங்கில வடிவத்துக்கு ‘நோ மோர் ப்ளூஸ்’ என்று பெயர். அதைத் தனியாகத் தேடாவிட்டால் பாதி வரலாறு கண்ணில் படாது.

ஸ்ட்ரீமிங் ஆப் காட்டும் ஆண்டை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. பதிவான ஆண்டைத் தெரிந்துகொள்ள, மொரேரா சாலெஸ் நிறுவனத்தின் ‘டிஸ்கோகிராஃபியா பிரசிலேரா’ தளத்தில் பாருங்கள். 1902 முதல் 1964 வரையிலான பிரேசில் 78 தட்டுகளை அங்கே தொகுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், சுழற்சி வேகம். பழைய தட்டிலிருந்து மாற்றியவர் வேகத்தைத் தவறாக வைத்திருந்தால் சுருதியே நகர்ந்துவிடும். வேகம் 6 சதவீதம் கூடினால் ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறும். ஜோவாவின் பதிவு சுமார் 2 நிமிடம் ஓடுகிறது, ஆகவே இது ஏறக்குறைய 7 விநாடி வித்தியாசமாகத் தெரியும். இரண்டு பிரதிகளின் நீளம் வேறுபட்டால் ட்யூனர் ஆப்பில் சுருதியைப் பாருங்கள். நீளத்தோடு சுருதியும் மாறியிருந்தால் வேகப் பிழை. நீளம் மட்டும் மாறியிருந்தால் தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள மௌனம்தான், கவலை இல்லை. ஒலியைப் பெரிதாக்க எதிரொலி சேர்த்த மறுவெளியீடுகளையும் ஒதுக்கிவிடுங்கள். ஜோவாவின் பாட்டில் மூச்சு கேட்க வேண்டும். எதிரொலி முதலில் மூழ்கடிப்பது அதைத்தான்.

இப்போது கேட்கலாம். முதல் சுற்றில் குரலை விட்டுவிட்டு ஜோவாவின் பதிவில் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். கட்டை விரல் அடித்தந்தியில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று தவறாமல் நடக்கிறது. மற்ற மூன்று விரல்களும் ஒரே இழுப்பாகக் கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டை, பறிக்கின்றன, ஆனால் பெரும்பாலும் அந்த அடியில் அல்ல, அதற்குச் சற்று முன்னே அல்லது பின்னே. பிரேசிலின் சம்பா என்ற தாள இசைக் குழுவில் தம்போரிம் என்ற கைக்கடக்கச் சின்னப் பறை செய்யும் வேலை அது. ஒரு முழுக் குழுவின் தாளத்தை ஒருவர் கைக்குள் அடக்கியிருக்கிறார்.

கட்டை விரலுக்குக் காலைத் தட்டுங்கள், கார்டுக்கு மேசையில் விரலைத் தட்டுங்கள். காலும் விரலும் எப்போதும் சேர்ந்தே விழுந்தால் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். கார்டு உரத்துக் கேட்பதால் அதையே அடி என்று எண்ணத் தொடங்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. வேகத்தை 75 சதவீதமாக்கி, சுருதி மாறாமல் வைத்து, கட்டை விரலை முதலில் பிடித்துக்கொண்டு மறுபடி வாருங்கள்.

இரண்டாம் சுற்றில் குரல். எலிசெத்தை முதலில் போடுங்கள். நீண்ட ஸ்வரங்களில் அசைவு கொடுத்து, வாத்தியங்களுக்கு மேலே நின்று பாடுகிறார். அழகான குரல், பழைய மரபின் உச்சம். அடியில் ஜோவாவின் கிட்டார் அந்தப் புதிய நடையில் ஓடிக்கொண்டிருந்தாலும், குரல் அதோடு உரையாடுவதில்லை. உடனே ஜோவாவுக்கு மாறுங்கள். அசைவே இல்லாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். ஒரு சொல் அடிக்கு முன்பே வந்துவிடுகிறது, அடுத்தது காத்திருந்து விழுகிறது. கிட்டார் நகராததால்தான் குரலுக்கு நகர இடம் கிடைக்கிறது. பதிவின்போது குரலுக்கு ஒன்றும் கிட்டாருக்கு ஒன்றுமாக இரண்டு மைக் வேண்டும் என்று அவர் கேட்டதும் இந்தச் சமநிலைக்காகத்தான். புதுமையை எலிசெத்தின் பதிவிலேயே கண்டுவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. கிட்டாரைப் பொறுத்தவரை அது சரி. பாடும் முறையைப் பொறுத்தவரை ஜூலை 10தான் கணக்கு.

மூன்றாம் சுற்றில் மெட்டு திரும்பும் இடம். சோகத்தைப் ‘போ’ என்று அனுப்பும் முதல் பாதி மைனரில் இருக்கிறது. ‘அவள் திரும்பி வந்தால்’ என்ற இடத்தில் ஸா மாறாமலே மேஜராகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு, கீரவாணியிலிருந்து சங்கராபரணத்துக்குப் போவது போல இருக்கும்: காந்தாரமும் தைவதமும் ஏறுகின்றன, வெளிச்சம் வருகிறது. கடலில் நீந்தும் மீன்களைவிட அதிகமாக முத்தம் தருவேன் என்ற வரி இந்த வெளிச்சத்தில்தான் வருகிறது.

அமெரிக்கப் பதிவுகளை இதற்குப் பிறகு கேளுங்கள். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் 1962இல் பெரிய குழுவோடு வாசித்தார். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி அதே ஆண்டு பிரான்சில் ‘நோ மோர் ப்ளூஸ்’ என்று நீண்ட நேரம் வாசித்தார். இரண்டிலும் பாட்டு, தனி வாசிப்புக்கான மேடையாகிறது. ஜோபிம் 1963இல் நியூயார்க்கில் பதிந்த, குரலில்லாத வடிவம் மெட்டைக் கற்க மிக உதவும். பியானோவில் பெரும்பாலும் ஒற்றை ஸ்வரங்களாகவே வாசிக்கிறார், ஒன்றுகூட வீண் இல்லை.

கடைசியாக, பிரேசில் பாடகர் கயத்தானோ வெலோசோ தயாரித்த, ஜோவாவின் 2000ஆம் ஆண்டு ஆல்பம், ‘ஜோவாவ் வோஸ் இ வியோலாவ்’. அதன் இறுதிப் பாட்டு இதுவே. வாத்தியக் குழு இல்லை, குரலும் கிட்டாரும் மட்டும். முதல் சுற்றில் செய்ததையே இங்கும் செய்யுங்கள்: காலில் கட்டை விரல், மேசையில் கார்டு. 42 ஆண்டு கழித்தும் அந்தக் கட்டை விரல் அதே இடத்தில் விழுகிறது.