வன்னியில் வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பேர்மிற் காணியிலிருந்து பங்கர் குழி வரை

வன்னியில் கட்டிய வீடு தேடுவோரில் கணிசமானோர் ஓகஸ்ட் விடுமுறையில் வருகிறார்கள். அப்போது நிலம் காய்ந்திருக்கும், முற்றம் கூட்டியிருக்கும், சுவரில் புதுப் பெயின்ற் மினுங்கும். அந்த மாதத்தில் கிணறு பொய் சொல்லாது. ஆனால் வெள்ளம் எங்கே நிற்கும் என்று நிலம் காட்டாது. மார்கழியில் வந்தால் நேர்மாறு: வெள்ளம் கண்முன் நிற்கும், கிணறோ வாய்வரை நிரம்பி எல்லாரையும் ஏமாற்றும். இரண்டு பருவத்திலும் ஒருமுறை பார்ப்பதுதான் சரி. அதற்கு வழியில்லாதவர் பார்க்காத பருவத்தின் தடயத்தை எங்கே தேடுவதென்று தெரிந்துகொண்டு போகவேண்டும். அதற்கும் முன்னே காகிதம் இருக்கிறது.

காணி எந்த வகை என்று கேளாமல் வீட்டைப் பார்ப்பது

ஆகப் பெரிய தவறு இதுதான். யாழ்ப்பாணத்தில் காணி என்றால் அநேகமாக உறுதிக் காணி, அதாவது உறுதி எழுதிய தனியார் காணி. வன்னி அப்படியல்ல. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுபட்டவை அரச காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் பேர்மிற்றும் (அனுமதிப்பத்திரம்) பிறகு அளிப்புப் பத்திரமும் வழங்கப்படும். இப்படிப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. முத்திரை ஒட்டி, சாட்சி வைத்து, நொத்தாரிசு முன்னால் உடன்படிக்கை எழுதினாலும் உரித்து வராது. விற்றவர் இறந்துபோனால் அவருடைய வாழ்க்கைத்துணையும், பேர்மிற்றில் பெயர் குறித்த பின்னுரித்தாளரும் வந்து நிற்பார்கள். நீங்கள் கொடுத்த காசுக்கு வழக்குத்தான் மிஞ்சும்.

அரை ஏக்கரில் கால் ஏக்கரைப் பிரித்துத் தருகிறேன் என்பவரிடம் அளிப்புப் பத்திரத்தை வாங்கி, குறைந்தபட்சத் துண்டாடல் அலகு எவ்வளவு என்று வாசியுங்கள். அதற்குக் குறைவாகப் பிரிக்க முடியாது. இன்னொரு மயக்கமும் உண்டு. இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா கட்டம் கட்டமாகப் பெற்றுக் கட்டிய வீடு என்றால் காணியும் சொந்தம்தானே என்று நினைப்பார்கள். வீட்டுக்கு உதவி கிடைத்தது வேறு, காணிக்கு உறுதி இருப்பது வேறு. கிராம அலுவலரின் கடிதமும் உறுதி ஆகாது. பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு நேரே போய், கோப்பில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள்.

உறுதிக் காணியாக இருந்தாலும் காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. ஈடு (அடமானம்) இருக்கிறதா, ஒரே துண்டு இரண்டு பேருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் வரும். இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்த குடும்பங்கள் ஏராளம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அத்தாட்சிப்படுத்திய பிரதி கட்டாயம் வேண்டும். வேறொருவர் பல வருடம் குடியிருந்த காணி என்றால், பத்து வருடம் ஆண்டு அனுபவித்ததை வைத்து அவர் உரிமை கோரக்கூடும். போரால் இடம்பெயர்ந்தோரை அப்படிப்பட்ட கோரிக்கையிலிருந்து காக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதில் வழக்குப்போட இரண்டு வருடக் கால எல்லை இருந்தது. காணியில் வேறு ஆள் இருந்தால் விற்பவரின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டுச் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இங்கேயும் வரும். பங்குக் காணியில் ஒருவர் தன் பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. முறைப்படி அறிவித்தல் கொடுபடாமல் எழுதிய உறுதியை அவர்கள் பிறகு நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கலாம். மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. அற்றோணித் தத்துவத்தில் (உரிமையாளருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தில்) ஒருவர் விற்க வந்தால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்த கணத்தில் அந்தத் தத்துவமும் முடிந்துபோகும். கனடாவிலோ லண்டனிலோ இருப்பவரோடு ஒரு வீடியோ அழைப்பில் பேசிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்குபவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருந்தால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. தம்பி பெயரில் எழுதிவிடுவோம் என்பது அன்பான ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தம்பியின் காணி.

பழைய பிளானை நம்பாமல் நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக் கல்லை நிலத்தில் காட்டச் சொல்லுங்கள். குளத்தின் அலைகரை, வாய்க்கால் ஒதுக்கீடு, வீதி ஒதுக்கீடு, வன இலாகா எல்லைக் கல் எதற்குள்ளும் வீடு நிற்கிறதா என்பதை அப்போதே தெரிந்துகொள்ளலாம். சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடு மண்டிய ஊர்களில் வன எல்லைத் தகராறு இன்னும் ஓயவில்லை.

நிலத்துக்கு அடியில் இருப்பதை மறப்பது

2009 வரை வன்னியில் பங்கர் (போர்க்காலப் பதுங்குகுழி) இல்லாத வளவு அரிது. மீள்குடியேறியபோது அவற்றைக் கிடைத்ததைப் போட்டு மூடினார்கள்: மணல் மூட்டை, தென்னங்குற்றி, தகரம், உடைந்த ஓடு. சில வருடங்களில் குற்றி உக்கிப் போக, மேலே உள்ள மண் இறங்கும். அதன்மேல் அத்திவாரம் வந்திருந்தால் வீட்டின் ஒரு மூலை மட்டும் தாழும். நிலத்துச் சீமெந்து ஒரு பக்கம் கிண்ணம்போல் குழிந்திருந்தால், அந்த மூலையில் சுவர் படிப்படியாக வெடித்திருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். "பங்கர் எதில இருந்தது?" என்று வளவுக்காரரையே கேளுங்கள். அந்த இடத்தை யாரும் மறப்பதில்லை. மூலையைத் தாங்கு கொடுத்து நிறுத்தி, நிரப்பியதை முழுக்கத் தோண்டி எடுத்து, கெட்டி மண் வந்த பிறகு ஆறு அங்குலப் படையாகக் கிறவல் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து நிரப்புவதுதான் வைத்தியம். மேலே சீமெந்துக் கலவை ஊற்றி மட்டப்படுத்துவது அடுத்த மாரி வரைக்கும்தான் தாங்கும்.

தோண்டுவதற்கு முன் அந்த இடம் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். குடியிருந்த வளவு என்றாலும், பின்பக்கப் பற்றைக்குள் புதிதாகக் கிணறோ மலக்குழியோ வெட்டும்போது இது மிக முக்கியம். சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

மண்ணும் இடத்துக்கு இடம் வேறு. செம்மண்ணில் அத்திவாரம் பொதுவாக நிம்மதியாக இருக்கும். முருங்கன் பக்கத்துக் கரும் களியோ மழைக்கு ஊதி, கோடைக்குச் சுருங்கி வெடிக்கும், மேலே நிற்கும் சுவரையும் ஆட்டும். கோடையில் விரிந்து மாரியில் ஒடுங்கும் வெடிப்பைக் கண்டால் அது களியின் வேலை. ஓகஸ்டில் அதைச் சீமெந்தால் இறுக்கி அடைத்தால், மார்கழியில் ஒடுங்க இடமில்லாமல் பக்கத்தில் புது வெடிப்பு வரும்.

எல்லா வெடிப்புக்கும் பயப்படுவது, அல்லது எதற்கும் பயப்படாதது

பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்புக்காக வீட்டை விடாதீர்கள். கதவு, யன்னல் மூலையிலிருந்து சரிவாகக் கிளம்பி, சீமெந்துக் கல்லின் இணைப்பு வழியே படியிறங்கும் வெடிப்பு வேறு சாதி. அது 5 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருந்தால் பொறியியலாளர் பார்க்காமல் விலை பேச வேண்டாம். லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேல் போடும் கொங்கிறீற் பீம்) யன்னலுக்கு மேலே துண்டு துண்டாக நிற்கிறதா, வீட்டைச் சுற்றி முழுக்க ஓடுகிறதா என்றும் பாருங்கள். லிண்டல் சுற்றி ஓடும் வீடு அசைவைத் தாங்கும். மற்ற மூன்று சுவரும் பழசாக இருக்க ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால், அங்கே கூடுதல் நேரம் நில்லுங்கள்.

உதவித்தொகையில் அவசரமாகக் கட்டிய வீடுகளின் பொதுக் குறை கலவையில் இருக்கும். பூசாத இடமொன்றில், உதாரணமாகக் கூரைக்குள் தெரியும் முக்கோணச் சுவரில், ஆணியால் கல் இணைப்பைக் கீறிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் சீமெந்து குறைவு, அல்லது தண்ணீர் ஊற்றி ஆறவிடவில்லை. கரையோரத்தில் கடல் மணலில் கட்டியிருந்தால் உப்பு கம்பியைத் தின்னும். கொங்கிறீற் விளிம்பில் துருக் கோடும், கம்பி ஓடும் வழியே நீள வெடிப்பும் அதற்கு அடையாளம்.

செல் (எறிகணை) பட்டுத் திருத்திய பழைய வீடுகளில் சுவரைச் சில்லறைக் காசால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் பூச்சு கல்லை விட்டுவிட்டது. கூரை எரிந்த வீடு என்றால் பீமின் நிறத்தைப் பாருங்கள். 300 பாகை செல்சியசுக்கு மேல் வெந்த கொங்கிறீற் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அதன் பலத்தை நம்பி மேலே எதையும் ஏற்றக் கூடாது.

வெள்ளக் குறியைத் தேடாதது

2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்க ஊர்கள் மூழ்கின. கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் வீடு பார்ப்பவர் அந்த மார்கழியில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அயலவரிடம் கேட்கவேண்டும், விற்பவரிடம் அல்ல. வீட்டுக்குள் பெயின்ற் அடித்தாலும் மலசலகூடத்தின் பின்சுவருக்கும் கிணற்றுக் கட்டுக்கும் யாரும் அடிப்பதில்லை. மண்நிறக் கோடு அங்கே இருக்கும். வீதியைப் பிறகு உயர்த்தியிருந்தால் பழைய வீட்டின் முற்றமே தேங்கிடமாகியிருக்கும். வீட்டு நிலம் வெளிமண்ணிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருப்பது நல்லது.

கிணற்றைப் பார்த்து மட்டும் திருப்திப்படுவது

பத்தடி அகலக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,200 லீற்றர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து, ஒரு மணித்தியாலம் மோட்டர் போட்டு இறைத்துவிட்டுத் திரும்ப அளவுங்கள். மறுநாள் விடிய எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். இராவில் அரையடி ஏறினால் ஐந்து பேர் குடும்பத்துக்குப் போதும், தோட்டத்துக்குப் போதாது. சோதனைக்கு ஏற்ற காலம் ஓகஸ்ட், செப்ரெம்பர்.

பூநகரி, முல்லைத்தீவுக் கரைப் பக்கங்களில் ருசி பார்ப்பதும் இறைத்து முடிந்த பிறகுதான். மேலே நிற்பது மழைத் தண்ணீர், இறைக்க இறைக்கத்தான் உவர் ஏறும். வவுனியாப் பக்கத்துப் பாறை நிலத்தில் புளோரைட்டும் கல்சியத் தன்மையும் பிரச்சினை. அயல் பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை தெரிந்தால் கவனியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்து, புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள்ளும் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்குள்ளும் இருக்கிறதா பாருங்கள். கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலைத்தான் பாவிக்க வேண்டும்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி வேண்டும். மணல் நிலத்தில் அதற்கும் கூட வேண்டும். எல்லாரும் தங்கள் வளவுக் குழியை அளப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி பதினைந்து அடியில் இருக்கும்.

கூரையும் வயறிங்கும்

ஓட்டுக் கூரையில் கைமரம் சுவரில் உட்காரும் முனையைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கறையான் தொடங்குவது அங்கேதான். மண் குழாய் சுவரோரம் ஏறியிருந்தால் அதைத் துடைத்துவிடாமல் அடி எங்கே போகிறதென்று பின்தொடருங்கள். கழிவு ஒயில் பூசியிருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணவேண்டாம், அது மேல்தோலைத் தாண்டாது. கோடையில் ஒழுக்குப் பார்க்கப் பைப்பால் முகட்டிலும் கூரை சேரும் மூலையிலும் அரை மணித்தியாலம் தண்ணீர் விடலாம். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து வன்னி வழியாகத்தான் போனது. விறாந்தைக் கூரை வெறும் ஆணியில் நின்றால் இரும்புப் பட்டி போட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டவேண்டும்.

மின்சாரத்தில் றிப் சுவிட்சின் (மின் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அமத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றவேண்டும், 30 மில்லி அம்பியர் வகை. எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குள் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு தலைகீழாகத் திருத்துவது

முதலில் வீட்டை எழுதும் செலவு. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சம் வீட்டுக்கு 199,000 ரூபா. இதைக் கணக்கில் எடுக்காமல் ரைல்ஸ் கடைக்குப் போவோர் கடைசியில் கூரையில் கைவைக்கக் காசில்லாமல் நிற்பார்கள்.

சுவரின் அடியில் இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்திருந்தால் அதன்மேல் சுவர் ரைல்ஸ் பதிப்பது ஈரத்தை மேலே தள்ளும். வெளிமண்ணை வீட்டு நிலத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இறக்கி, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு கொடுத்து, கெட்ட பூச்சை உடைத்து, ஒரு கோடை முழுக்க காயவிட்டுப் பூசுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் மாற்றுவதானால் நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் இறக்கவேண்டும். அதை அறுப்பதும், கம்பித் தூரிகையால் தேய்த்துப் பெயின்ற் அடிப்பதும் நுரையீரலுக்கு ஆபத்தான தூசியைக் கிளப்பும்.

ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன். குளியலறையின் நாலங்குலச் சுவர் மேலே அதை ஏற்றாமல் தனித் தூண் கட்டி வையுங்கள். மாடி எடுக்கும் யோசனை இருந்தால் அத்திவாரத்தோரம் இரண்டடிச் சதுரக் குழி வெட்டி, ஆழத்தையும் அகலத்தையும் பொறியியலாளருக்குக் காட்டி, பிரதேச சபையில் பிளானுக்கு அனுமதி எடுத்த பிறகே மேசனுக்கு முற்பணம் கொடுங்கள். தூண் இல்லாமல் சீமெந்துக் கல்லில் மட்டும் எழும்பிய 550 சதுர அடி வீடு மேல்மாடிக்குக் கட்டப்பட்டதல்ல. அதற்கு அருகில் புதிதாக ஓர் அறை போடுவதானால், பழைய சுவரோடு பிணைக்காமல் இடையில் அரை அங்குல இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். புது அத்திவாரம் முதல் இரண்டு மாரிக்குள் கொஞ்சம் இறங்கும். பிணைத்திருந்தால் அது பழைய சுவரையும் சேர்த்து இழுக்கும்.