ரிப்போர்ட்டில் புரியாத சொல்லா? வாலைப் பிடியுங்கள்

மெடிக்கல் ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத சொல் வந்தால் கடைசித் துண்டை முதலில் பாருங்கள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'ஸ்கோபி' என்றால் கருவியை விட்டு உள்ளே பார்ப்பது. அப்புறம் முன்பகுதி: ஹெபட் கல்லீரல், நெஃப்ர் சிறுநீரகம், காஸ்ட்ர் இரைப்பை, ஆர்த்ர் மூட்டு. ஆக ஆர்த்ரைடிஸ் மூட்டு அழற்சி, ஆர்த்ரோஸ்கோபி மூட்டுக்குள் பார்ப்பது, நெஃப்ரெக்டமி சிறுநீரகத்தை எடுப்பது.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை, அதே துண்டுகள்தான் திரும்பத் திரும்ப வரும், அதனால் இருபது துண்டு தெரிந்தாலே பாதி ரிப்போர்ட் பிடிபட்டுவிடும். 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டையும் மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை கூடுவது, ஹைப்போகிளைசீமியா குறைவது, அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

எல்லா இடத்திலும் இது செல்லாது. பார்க்கின்சன் மாதிரி ஆள் பெயரில் வந்த நோய்களைப் பிரித்துப் பயனில்லை. மலேரியாவைப் பிரித்தால் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் வரும், கொசு வராது! 'ஓமா' என்று முடிந்தால் பெரும்பாலும் கட்டி, ஆனால் கிளாக்கோமா பார்வை நரம்பைப் பாதிக்கும் கண் நோய், ஹீமடோமா ரத்தக்கட்டு, இரண்டும் புற்றுநோய் இல்லை. வாலை மட்டும் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.