பழைய மின்னஞ்சல்களை மீட்கப் போய் அழித்துவிடாதீர்கள்

காப்பு நகல் எடுங்கள், கடவுச்சொல்லை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. மென்பொருள் மக்கர் செய்ததும் பதற்றத்தில் புதியவர்கள் செய்கிற காரியங்களைப் பற்றியே இது. கோளாறில் தப்பிய அஞ்சல்கள் பல நேரம் அப்போதுதான் பறிபோகின்றன.

இருக்கும் ஒரே பிரதியின் மேல் ரிப்பேர்

மைக்ரோசாஃப்டின் அஞ்சல் மென்பொருளான அவுட்லுக் திறக்க மறுக்கிறது. தேடினால் ஸ்கேன்பிஎஸ்டி என்ற ரிப்பேர் கருவி கிடைக்கிறது. உடனே அஞ்சல்கள் இருக்கும் மூலக் கோப்பின் (பிஎஸ்டி) மேலேயே ஓட்டிவிடுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. கோப்பின் கட்டமைப்பைச் சீராக்கி, அவுட்லுக்கில் திறக்க வைப்பதே அந்தக் கருவியின் வேலை. அதற்குப் புரியாத பகுதிகள் கழிந்துபோகலாம். கோப்பு திறக்கும், ஆனால் உள்ளே இருந்தது குறைந்திருக்கும்.

தெரிந்த ஒருவர் அவுட்லுக் 2002 காலத்துப் பிஎஸ்டி கோப்போடு வந்தார். அந்தப் பழைய வடிவத்துக்கு 2 ஜிபிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் படுத்துவிட்டது. காப்பு நகல் எடுக்கவா என்று கருவி கேட்டிருக்கிறது. வட்டில் இடம் இல்லையென்று அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அஞ்சல்கள்தான் மிஞ்சின. வேறு வழியில் முயலலாம் என்றால் மூலம் இல்லை. இத்தனைக்கும் அந்த 2 ஜிபி சிக்கலுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தந்த கருவியும் கோப்பின் ஒரு பகுதியை வெட்டித்தான் திறக்க வைக்கும். அதையும் நகலின் மேல்தான் ஓட்ட வேண்டும்.

ஆகவே முதலில் மென்பொருளை மூடுங்கள். கோப்பை வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, இரண்டின் அளவும் பைட் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூலத்தை எடுத்துத் தனியே வையுங்கள். அப்புறம் நகலை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நகலெடுக்கும்போதே வட்டு திணறினால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு வட்டையும் பிம்பமாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக நகலெடுங்கள். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு வரும்.

காலியாகத் தெரிவதை நம்பி 'காம்பேக்ட்' அழுத்துவது

தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் இன்பாக்ஸ் திடீரென வெறுமையாகிவிட்டதா? அது அஞ்சல்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் ப்ரொஃபைல் கோப்புறைக்குப் போங்கள். ஒரு கோப்புறையின் அஞ்சல்களை எல்லாம் ஒரே கோப்பில் வைக்கும் வழக்கமான எம்பாக்ஸ் அமைப்பில் 'இன்பாக்ஸ்' என்று நீட்டிப்பு இல்லாத ஒரு கோப்பும், அதே பெயரில் எம்எஸ்எஃப் நீட்டிப்புடன் இன்னொன்றும் இருக்கும். முதலாவதில்தான் அஞ்சல்கள், இரண்டாவது வெறும் அட்டவணை. முதலாவதின் அளவு குறையவில்லை என்றால் பெரும்பாலும் அஞ்சல்கள் பத்திரம். தண்டர்பேர்டை மூடி, எம்எஸ்எஃப் கோப்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத் திறந்தால் அட்டவணை புதிதாக உருவாகும்.

அழித்த அஞ்சல்கூட 'அழிக்கப்பட்டது' என்ற குறியோடு அந்தக் கோப்புக்குள்ளேயேதான் கிடக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரிக்குக் கீழே ஒவ்வொரு அஞ்சலும் இருப்பது தெரியும். காம்பேக்ட் செய்தால்தான், அதாவது அழித்தவற்றை நீக்கிக் கோப்பைச் சுருக்கினால்தான், அது நிஜமாகவே போகும். தானாகக் காம்பேக்ட் ஆகும் வசதியையும் மீட்பு முடியும்வரை அணைத்து வையுங்கள்.

ஐமேப்பைக் காப்பு என்று நினைப்பது

சர்வரில் உள்ள அஞ்சல்களையே எல்லாக் கருவிகளிலும் காட்டும் முறைதான் ஐமேப். அது ஒத்திசைவு. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

பயன்பாட்டில் உள்ள பிஎஸ்டியை கிளவுட் கோப்புறையில் வைப்பது

வேண்டாம்.

ஓஎஸ்டியை மட்டும் எடுத்துவைத்துக் கணக்கை மூடுவது

ஓஎஸ்டி என்பது சர்வரில் உள்ள அஞ்சல்களுக்கு அவுட்லுக் உங்கள் கணினியில் வைக்கும் நகல். அந்தக் கணக்கோடு பிணைந்தது. கணக்கு போன பின் அவுட்லுக்கில் அதை நேரடியாகத் திறக்க முடியாது. மூடுவதற்கு முன்பே பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் திறந்து, பழைய அஞ்சல் ஒன்றின் இணைப்பு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.