புதிய தொழிலின் பெயரைக் காப்பது எப்படி? டிரேட்மார்க் பதிவு, முதல் படியிலிருந்து

பெயர்ப் பலகை மாட்டியாயிற்று, ஜிஎஸ்டி எண் வாங்கியாயிற்று, உணவுப் பாதுகாப்பு உரிமமும் கைக்கு வந்துவிட்டது. இனி இந்தப் பெயர் நமக்கே சொந்தம் என்று நம்பித் தொழிலில் இறங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் ஜிஎஸ்டி பதிவு வரி கட்டுவதற்கானது, உணவு உரிமம் உணவு விற்பதற்கானது. கம்பெனிப் பதிவாளரிடம் பெயரைப் பதிந்துகொண்டால் அதே பெயரில் இன்னொரு கம்பெனி பதிவாகாது, அவ்வளவுதான். அந்தப் பெயரை வேறொருவர் பாக்கெட்டில் அச்சிட்டு விற்றால் அந்தப் பதிவு மட்டும் கைகொடுக்காது. பெயர்மீது உரிமை தருவது 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம். 2017-இல் வந்த விதிகளின்படி இப்போது பதிவு நடக்கிறது.

வீட்டில் இட்லிப் பொடியும் சாம்பார் பொடியும் அரைத்து விற்கத் தொடங்கும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். துணிக்கடை, மென்பொருள், சோப்பு என்று எந்தத் தொழிலானாலும் வழி இதுதான்.

படி 1: பதிவாகக்கூடிய பெயரைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான விண்ணப்பங்களின் தலையெழுத்து இங்கேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

பொருளின் தன்மையையோ தரத்தையோ ஊரையோ நேராகச் சொல்லும் பெயருக்குச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடை போடுகிறது. ‘சுவையான பொடி’, ‘ஈரோடு மசாலா’, ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ போன்றவை அந்த வகை. காரணம் நியாயமானது. ஈரோட்டில் மசாலா விற்கும் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவை. ஒருவரே அவற்றை வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர்கள் அந்தந்தப் பகுதியின் தயாரிப்பாளர்கள் அனைவருக்கும் பொதுவானவை. தனி ஆளின் டிரேட்மார்க் ஆகாது.

சாமி பெயர் வைப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்று பதிவு கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரைத் தனியொருவர் உரிமை கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடவுள் பெயர்களில் ஏற்கெனவே பதிவேடு நிரம்பி வழிகிறது என்பது இன்னொரு சிக்கல். பதிவு கிடைத்தாலும், பக்கத்துத் தெருக்காரர் அதே பெயரை வைக்கும்போது தடுப்பது கடினம்.

பொருளுக்குத் தொடர்பே இல்லாத சொல்தான் வலுவானது. இட்லிப் பொடிக்கு ‘தாழ்வாரம்’ என்று பெயர் வைத்தால் அந்தச் சொல் பொடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதன் பலம். (வகையைக் காட்டத்தான் இந்தப் பெயர். தேடிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.) ‘பெயரைப் பார்த்தவுடன் என்ன பொருள் என்று தெரிய வேண்டும்’ என்று விளம்பரத் துறையினர் அறிவுரை சொல்வார்கள். அந்த வேலையைப் பாக்கெட்டில் பெயருக்குக் கீழே ஒரு வரியில் செய்துகொள்ளலாம். பெயர் தனித்து நிற்கட்டும்.

படி 2: தேடுங்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும்

மத்திய அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் டிரேட்மார்க் தேடல் பகுதி இருக்கிறது. கட்டணம் கிடையாது. தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தேடலில் பெயரை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியிருக்கும். ‘தாழ்வாரம்’ என்பதில் வரும் ‘ழ’வைச் சிலர் இசட்-ஹெச் என்று எழுதியிருப்பார்கள், சிலர் எல் என்று மட்டும். முதல் எழுத்துக்கு டி-ஹெச் போடுபவர்களும் உண்டு, வெறும் டி போடுபவர்களும் உண்டு. நெடிலுக்கு ஒரு ‘ஏ’, இரண்டு ‘ஏ’ என்ற வேறுபாடு வேறு. இந்தச் சேர்க்கைகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதே பக்கத்தில் ஒலி ஒற்றுமைத் தேடல் என்றொரு வசதியும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். ஏனென்றால் பதிவு அலுவலகம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறதா, வாங்குபவர் குழம்புவாரா என்றும் பார்க்கிறது.

அதோடு நிற்காமல் கூகுள், இன்ஸ்டாகிராம், ஆன்லைன் விற்பனைத் தளங்கள், உங்கள் ஊர் மளிகைக் கடை அலமாரி எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். பதிவு செய்யாமலே நெடுநாளாக ஒரு பெயரைப் பயன்படுத்துகிறவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு.

இதற்கு நம் ஊர் வழக்கையே சொல்லலாம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாவின் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து வேறொருவர் அல்வா விற்றார். அவரும் அந்தப் பெயருக்குப் பதிவு வாங்கியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரின் உரிமை பதிவைவிட மேலானது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. அப்படியானால் பதிவே வேண்டாமே என்று கேட்கலாம். தலைமுறைகளாக நடக்கும் கடைக்கு நற்பெயரை நிரூபிக்கச் சாட்சியங்கள் இருக்கும். நேற்றுத் தொடங்கிய தொழிலுக்கு என்ன இருக்கிறது? புதியவருக்குத்தான் பதிவு அதிகம் தேவை.

படி 3: சரியான வகுப்பைப் பிடியுங்கள்

உலகத்துப் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நம் இட்லிப் பொடியும் சாம்பார் பொடியும் 30-ஆம் வகுப்பு. அதே பெயரில் ஊறுகாயோ நல்லெண்ணெயோ விற்றால் அது 29. சோப்பு 3, ஆயத்த ஆடை 25, உணவகம் 43. பிறருடைய பொருள்களை வாங்கி விற்கும் கடை என்றால் 35.

ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். இன்று விற்பதையும் நிச்சயமாக அடுத்து விற்கப்போவதையும் மட்டும் எடுங்கள். ஆசைக்காக எல்லா வகுப்பையும் வளைத்துப் போடுவது வீண் செலவு; பதிவான பிறகு தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால், பதிவை நீக்கக் கோரி மற்றவர்கள் மனு போடவும் வழி இருக்கிறது.

படி 4: விண்ணப்பம்

டிஎம்-ஏ என்ற படிவம். ஆன்லைனில் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். தனிநபர், சிறு நிறுவனம், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் ஆகியோருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழை இணைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் நடத்துகிறவர்களுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நேரில் தாளில் கொடுத்தால் கட்டணம் சற்று அதிகம்.

படிவத்தில் நான்கு இடங்களில் நிதானம் தேவை.

விண்ணப்பதாரர் யார்? தனி உரிமையாளர் என்றால் உங்கள் பெயர். கூட்டு வணிகம் என்றால் கூட்டாளிகள் எல்லோர் பெயரும். ‘இப்போதைக்கு மச்சான் பெயரில் போட்டு வைப்போம்’ என்பது பிற்காலத்தில் குடும்பத்தையே நீதிமன்றத்துக்கு இழுக்கும் முடிவு.

சொல்லா, லோகோவா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லைப் பதியுங்கள். சொல்லுக்குப் பதிவு இருந்தால் எந்த எழுத்து வடிவத்தில், எந்த நிறத்தில் வந்தாலும் அது உங்களுடையது. லோகோ நாளை மாறலாம். தமிழ் எழுத்தில் பெயரைப் பதிவதானால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும். லோகோவை வெளியாரிடம் வரைந்து வாங்கியிருந்தால், அதன் பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றிக் கொடுப்பதாக அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூலி கொடுத்துவிட்டதால் மட்டும் அந்த உரிமை தானாக உங்களிடம் வந்துவிடாது.

பொருள் விவரம். ‘உணவுப் பொருள்கள்’ என்று மொத்தமாக எழுதாமல் ‘இட்லிப் பொடி, சாம்பார் பொடி, மசாலாப் பொடிகள்’ என்று எழுதுங்கள்.

எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால், பயன்படுத்த உத்தேசம் என்று குறிப்பிட்டால் போதும். ஏற்கெனவே விற்கிறீர்கள் என்றால் தொடங்கிய தேதியைக் குறிப்பிட்டு, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். பெயர் அச்சிட்ட முதல் பில், லேபிள் அச்சகத்தின் ரசீது, முதல் விளம்பரம் இவையெல்லாம் ஆதாரம். உண்மையில் தொடங்கியதற்கு முந்தைய தேதியைப் போடச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். வழக்கு என்று வந்தால் முதலில் குடையப்படுவது இந்தத் தேதிதான். பொய் என்று தெரிந்தால் நல்ல விண்ணப்பமும் சேர்ந்து சாயும்.

தாக்கல் செய்ததும் விண்ணப்ப எண் கிடைக்கும். ‘மூன்று நாளில் டிரேட்மார்க்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் கொடுப்பது இந்த எண்ணை மட்டுமே. பெயருக்கு அருகில் டிஎம் என்று இப்போது போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து வரும் குறியைப் பதிவு முடியும் முன் போடுவது சட்டப்படி தவறு.

படி 5: ஆய்வறிக்கை வந்தால்

சில காலம் கழித்து உங்கள் விண்ணப்பத்தின் நிலை ‘அப்ஜெக்டட்’ என்று காட்டலாம். பலர் இதைப் பார்த்ததும் நிராகரித்துவிட்டார்கள் என்று எண்ணிப் புதுப் பெயர் தேடப் போய்விடுகிறார்கள். இது நிராகரிப்பு அல்ல, ஆய்வாளர் கேட்கும் கேள்வி. அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

9-ஆம் பிரிவில் ஆட்சேபம் என்றால், உங்கள் பெயர் பொருளை நேராக வருணிக்கவில்லை என்று விளக்குங்கள். அல்லது விண்ணப்பத்துக்கு முன்பே அது உங்கள் அடையாளமாகிவிட்டது என்று பில்களோடு காட்டுங்கள். 11-ஆம் பிரிவு என்றால், ஏற்கெனவே உள்ள பெயர்களின் பட்டியல் ஒன்றைத் தந்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் தளத்தில் திறந்து பாருங்கள். காலாவதியானவை, கைவிடப்பட்டவை இருக்கும். வேறு பொருளுக்கானவையும் இருக்கும். அவற்றை ஒன்றொன்றாகச் சுட்டிக்காட்டும் பதில்தான் எடுபடும். இந்த இடத்தில் ஒரு நல்ல வழக்கறிஞருக்கோ பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜெண்டுக்கோ செலவழிப்பது தகும். பதிலில் ஆய்வாளர் நிறைவடையாவிட்டால் நேர்முக விசாரணைக்கு அழைப்பு வரும், காணொளியிலேயே பேசலாம்.

படி 6: இதழில் வெளியீடு

ஆட்சேபம் தீர்ந்ததும் வாரந்தோறும் வரும் டிரேட்மார்க் இதழில் உங்கள் பெயர் வெளியாகும். அன்றிலிருந்து 4 மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் 2 மாதங்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும்; இந்தக் கெடு நீளாது. மின்னஞ்சலுக்கு வருவதைத் தவறவிட்டுப் பெயரை இழப்பதைப்போல வேதனை வேறில்லை. விண்ணப்பத்தில் ஏஜெண்டின் மின்னஞ்சலோடு உங்களுடையதும் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் எதிர்க்கவில்லை என்றால் சான்றிதழ் வரும்.

பதிவுக்குப் பின்

பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குச் செல்லும். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். ஆன்லைனில் வகுப்புக்கு 9,000 ரூபாய், இதில் சிறு நிறுவனச் சலுகை இல்லை. தவறவிட்டால் 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம்.

இந்தப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். பொடி சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறது என்றால், அந்த நாடுகளும் இந்தியாவும் உறுப்பினராக உள்ள மேட்ரிட் ஏற்பாட்டின் வழியே, இங்குள்ள விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து அங்கும் கேட்கலாம். முதல் ஏற்றுமதிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே உங்கள் சரக்கை இறக்கும் விநியோகஸ்தரே அந்தப் பெயரைத் தம் பேரில் பதிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.