பழைய பல்சருக்குக் கம்பி வீல்

திருவொற்றியூர்க் கடல்காற்றில் நிற்கிற வண்டி என்னுடையது. அதனால் பழைய பல்சரில் அலாய் வீலை எடுத்துவிட்டுக் கம்பி (ஸ்போக்) வீல் போட நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்பிகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே வாங்குங்கள், மற்றவை சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ரிம்முக்கு, அதாவது வெளி வளையத்துக்கு முன், கம்பிகள் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைத் தேடுங்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போகும்போது கழற்றிய அலாய் வீலையும் ஆக்சிலையும் (வீலின் அச்சையும்) கையோடு கொண்டுபோங்கள். பேரிங், டிஸ்க் போல்ட் துளை, ஸ்பேசர் (இடைவெளிக் குழாய்) நீளம் எல்லாவற்றையும் கடையிலேயே ஒப்பிட்டுவிடலாம். பிரேக் டிஸ்க், அதைப் பிடிக்கும் காலிப்பருக்கு நடுவில் ஓடவேண்டும். பின் ஸ்பிராக்கெட் (பல்சக்கரம்) செயினுக்கு நேராக நிற்கவேண்டும். இதில் 'பரவாயில்லை' என்று விடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹப்பையும் ரிம்மையும் கம்பிகளால் கோத்தபின் பெண்டு எடுப்பதுதான், அதாவது ரிம்மின் கோணலைச் சரிசெய்வதுதான் பொறுமை கேட்கும் வேலை, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். முதலில் மேல்கீழ் ஆட்டம், அப்புறம் பக்கவாட்டு. ரிம் இடப்பக்கம் சாய்ந்தால், அந்த இடத்தில் ஹப்பின் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தவற்றை அதே அளவு தளர்த்துங்கள். ஸ்பேனரால் தட்டினால், ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓசை தரவேண்டும்.

நிப்பிளை (ரிம்மில் கம்பியை இறுக்கும் சிறு நட்டை) தாண்டி நீட்டும் கம்பி முனைகளை அரத்தால் ராவி, ரிம் டேப் சுற்றி, டியூப் போடுங்கள். சாதாரணக் கம்பி ரிம்மில் டியூப் இல்லாமல் காற்று நிற்காது. சில நாள் ஓட்டியதும் கம்பிகள் கொஞ்சம் தளரும். மறுபடி பார்த்து இறுக்கிவிடுங்கள்.