கோடோவில் சோனிக் ஓட்டம்: சரிவு, சுவர், லூப்

1991இல் சேகா மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த முதல் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ மாதிரி ஒரு கேம் செய்ய உட்காரும் பலரும் முதலில் கை வைப்பது வேகத்தில்தான். ஆனால் சமதரையில் சோனிக் தானாக ஓடி எட்டும் உச்ச வேகம் ஃப்ரேமுக்கு 6 பிக்சல், அவ்வளவே. ஏறும்போது மூச்சு வாங்கி, இறங்கும்போது பாய்ந்து, அந்தப் பாய்ச்சலிலேயே லூப்பை (தலைகீழாகப் போய்த் திரும்பும் வட்டப் பாதையை) சுற்றுகிறானே, அதுதான் நமக்கு வேண்டியது. நாவோட்டோ ஓஷிமா உருவத்தை வரைந்தார், ஹிரோகாசு யாசுஹாரா லெவல்களை அமைத்தார். வளைந்த தரையில் வழுக்காமல் ஓடவைக்கும் நிரலை எழுதியவர் யூஜி நாகா. இங்கே பார்க்கப்போவது அந்த மூன்றாவது வேலையை மட்டும்.

கோடோ 4 என்ற கேம் எஞ்சினை நிறுவுவது, ஸ்ப்ரைட் போடுவது, பொத்தான் அழுத்தத்தைப் படிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். படங்களை நீங்களே வரையுங்கள். சோனிக் சேகாவின் சொத்து.

படி 1: எஞ்சினின் பிசிக்ஸை ஒதுக்குங்கள்

கோடோவின் கேரக்டர்பாடி2டி, மூவ் அண்ட் ஸ்லைடு இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. இயல்பு அமைப்பில் 45 பாகைக்கு மேல் சாய்ந்த எதையும் அது சுவர் என்று முடிவு செய்துவிடும். லூப்பில் பாதிக்கு மேல் சுவரும் கூரையும்தான். அமைப்புகளை மாற்றி மாற்றி மல்லுக்கட்டுவதைவிட, வெறும் நோட்2டி எடுத்து நாமே நகர்த்துவது எளிது.

திரை 320 × 224. நிரல் முழுக்க பிசிக்ஸ் ப்ராசஸில், நொடிக்கு 60 முறை. டெல்டாவால் (இரு ஃப்ரேம்களுக்கு இடையிலான நேரத்தால்) பெருக்க வேண்டாம், கீழே உள்ள எண்கள் எல்லாம் ஃப்ரேம் கணக்கு. நிரலை வெறும் ப்ராசஸில் எழுதினால் 144 ஹெர்ட்ஸ் திரையில் கேரக்டர் பேய் பிடித்தவன்போல் ஓடுவான். மூல கேமும் ஃப்ரேமை நம்பியே ஓடியது. அதனால்தான் ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் மெகா டிரைவில் அது மந்தமாக ஓடியது.

படி 2: எண்கள்

முடுக்கம் 0.046875. எதிர்ப்பக்கம் அழுத்தினால் பிரேக் 0.5. பொத்தானை விட்டால் உராய்வு 0.046875. உச்ச வேகம் 6. ஈர்ப்பு 0.21875. காற்றில் முடுக்கம் 0.09375, அதாவது தரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. குதிக்கும் விசை 6.5. சரிவின் இழுப்பு 0.125.

விசித்திரமாகத் தெரியும் இந்தத் தசமங்கள் எல்லாம் 256இல் பங்குகள். ஒரு பிக்சலை 256 துண்டாக்கி முழு எண்ணில் கணக்கிட்டார்கள், 0.046875 என்றால் 12 துண்டு. இவற்றை 0.05 என்று ‘சரிசெய்ய’ வேண்டாம்.

கேரக்டர் தரையில் இருக்கும்போது வேகம் என்பது ஒரே ஒரு எண், அதன் பெயர் தரைவேகம். கிடைவேகம், செங்குத்துவேகம் இரண்டும் அதிலிருந்து பிறப்பவை:

தரைவேகம் = தரைவேகம் − 0.125 × சைன்(கோணம்)
கிடைவேகம் = தரைவேகம் × காஸ்(கோணம்)
செங்குத்துவேகம் = −தரைவேகம் × சைன்(கோணம்)

வலப்பக்கம் ஏறும் சரிவுக்குக் கோணம் நேர்மறை. கோடோவில் செங்குத்து அச்சு கீழ்நோக்கிப் போவதால் ஸ்ப்ரைட்டைச் சுழற்றும்போது மட்டும் குறியை மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் மலையேறும்போது மூக்கு மண்ணில் குத்தும்.

படி 3: பாதத்தின் இரண்டு சென்சார்கள்

முக்கால்வாசிப் பேர் கைவிடும் இடம் இதுதான், நிதானமாகப் போவோம்.

கால் அடியில் தரை எங்கே என்று தேட கோடோவின் ரேகாஸ்ட்2டி பயன்படுத்தலாம். ஆனால் கேரக்டரை நகர்த்திய அதே ஃப்ரேமில் வலுக்கட்டாயமாகப் புதுப்பிக்காவிட்டால் அது பழைய இடத்தின் விடையைத் தரும், கேரக்டர் தரையில் புதைந்து புதைந்து எழுவான். மூல கேமின் வழியே எனக்குப் பிடித்தது: உயரப் பட்டியல். தரையை அடுக்கும் 16 × 16 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 16 எண்கள். ஒவ்வொரு எண்ணும் அந்த நெடுவரிசையில் தரை எத்தனை பிக்சல் உயரம் என்று சொல்லும். முழுக் கட்டம்: பதினாறும் 16. 45 பாகைச் சரிவு: 1, 2, 3 என்று 16 வரை. மென்சரிவுக்கு இரண்டு கட்டம்: முதலாவது 1, 1, 2, 2 … 8, 8; அடுத்தது 9, 9 … 16, 16. ஒவ்வொரு கட்டத்துக்கும் கோணத்தையும் கையாலேயே எழுதிவையுங்கள் (மென்சரிவுக்கு 26.57 பாகை). கோணத்தை ஓட்டத்தில் கணக்கிடப் போனால் படிக்குப் படி குலுங்கும்.

நிற்கும் கேரக்டரின் நடுப்புள்ளியிலிருந்து இடம் வலம் 9 பிக்சல், கீழே 19 பிக்சல்: அங்கே இரண்டு சென்சார், அதாவது தரையைத் தேடும் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்யுங்கள்:

சென்சார் விழும் கட்டத்தையும், அதற்குள் எந்த நெடுவரிசை என்பதையும் எடுங்கள். உயரம் 0 என்றால் ஒரு கட்டம் கீழே பாருங்கள். உயரம் 16 என்றால் ஒரு கட்டம் மேலே பாருங்கள். அங்கே தரை இருந்தால் அதுவே தரை, இல்லாவிட்டால் பழைய கட்டமே. பிறகு: தூரம் = கட்டத்தின் மேல்விளிம்பு + 16 − உயரம் − சென்சாரின் இடம்.

இரண்டு தூரங்களில் சிறியது எதுவோ அந்தச் சென்சாரே ஜெயித்தது, கோணமும் அந்தக் கட்டத்தினுடையதே. தூரம் −14க்கும் 14க்கும் இடையே இருந்தால் கேரக்டரை அந்தத் தூரம் நகர்த்தித் தரையோடு ஒட்டுங்கள். 14ஐத் தாண்டினால் அவன் காற்றில் இருக்கிறான்.

‘16 என்றால் மேலே பார்’ என்ற வரியை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. சமதரையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். சரிவின் இரண்டாம் கட்டத்துக்கு வந்ததும் கேரக்டர் இடுப்பளவு மண்ணுக்குள் போவான். இன்னொன்று: நெடுவரிசையைக் கண்டுபிடிக்க சாதாரண மீதி காணும் குறியைப் போட்டால், பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போனதும் எதிர்மறை எண் வரும். பாஸ்மாட் (posmod) பயன்படுத்துங்கள். இடத்தையும் சென்சாருக்குக் கொடுக்கும் முன் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள், பின்னத்தை இடத்தில் அப்படியே வைத்திருங்கள்.

படி 4: உலகத்தைச் சாய்ப்பது

கோணம் 45ஐத் தாண்டினால் கீழே பார்த்த சென்சார்கள் வலப்பக்கம் பார்க்க வேண்டும், 135இலிருந்து மேலே, 225ஐத் தாண்டினால் இடப்பக்கம், 315இல் மறுபடி கீழே. 9, 19 என்ற எண்கள் மாறாது, அச்சுகள் மட்டும் இடம் மாறும்.

பக்கவாட்டில் பார்க்க அகலப் பட்டியல் வேண்டும். உயரப் பட்டியலிலிருந்தே செய்துகொள்ளலாம்: கீழிருந்து எண்ணும் ஒவ்வொரு வரிசைக்கும், அதைவிட உயரமான நெடுவரிசைகள் எத்தனை என்று எண்ணுங்கள். விளையாட்டு தொடங்கும்போது ஒரே முறை செய்து சேமித்தால் போதும்.

முழுக் கட்டங்களுக்குக் கோணம் 0 என்று எழுதிவிடாதீர்கள். அதே கட்டம் சுவராகவும் கூரையாகவும் வரும், சுவரில் ஓடுபவனுக்குத் திடீரென்று 0 கிடைத்தால் பொத்தென்று விழுவான். மூல கேமில் இதற்கென 255 என்ற தனிக் குறி உண்டு: ‘இப்போதைய கோணத்துக்கு அருகிலுள்ள 90இன் மடங்கை எடுத்துக்கொள்’ என்று பொருள்.

படி 5: குதிப்பதும் இறங்குவதும்

குதிக்கும்போது கிடைவேகத்தில் 6.5 × சைன்(கோணம்), செங்குத்துவேகத்தில் 6.5 × காஸ்(கோணம்) கழியுங்கள். பொத்தானை விடும்போது செங்குத்துவேகம் −4ஐவிட வேகமாக மேலே போனால் −4 ஆக்குங்கள். முழுக் குதி ஏறத்தாழ 96 பிக்சல் எழும்.

தரையில் இறங்கும்போது தரைவேகத்தை மறுபடி உண்டாக்க வேண்டும். சாய்வு 23 பாகைக்குள் என்றால் தரைவேகம் = கிடைவேகம். 45 வரை: கிடைவேகம் பெரிதென்றால் அதுவே, இல்லாவிட்டால் செங்குத்துவேகத்தில் பாதி. அதற்கும் மேல் 90 வரை: முழுச் செங்குத்துவேகம். செங்குத்துவேகத்தை எடுக்கும் இரு இடங்களிலும் சைனின் குறிக்கு எதிர்க்குறி போடுங்கள். உயரத்திலிருந்து சரிவில் விழுந்து பாயும் அந்தச் சுகம் முழுக்க இந்தச் சில வரிகளில் இருக்கிறது.

படி 6: லூப்

லூப்பின் இடச்சுவர் திறந்திருந்தால்தான் உள்ளே நுழையலாம், அடைத்திருந்தால்தான் சுற்றி இறங்கலாம். எனவே இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் வலப்பாதி மட்டும் திடம், இரண்டாவதில் இடப்பாதி மட்டும். உச்சியில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றைப் போட்டு, கடக்கும் திசையைப் பார்த்து அடுக்கை மாற்றுங்கள். முதல் சோனிக்கில் லூப் 256 × 256 துண்டு ஒன்றுக்குள் அடங்கி, அந்தத் துண்டுக்கே தனி விதி இருந்தது. 1992இன் இரண்டாம் பாகத்தில்தான் அடுக்கு மாற்றும் கோடுகள் வந்தன. அந்த முறையே நமக்கு நல்லது.

சாய்வு 45ஐத் தாண்டிய இடத்தில் தரைவேகம் 2.5க்குக் கீழே போனால் வேகத்தை 0 ஆக்கி, காற்றில் விட்டு, 30 ஃப்ரேம் இட வலப் பொத்தான்களைப் பூட்டுங்கள். இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், வேகம் 6இல் நுழைந்து பொத்தானை விடாமல் அழுத்துபவன் நடுப்புள்ளிப் பாதையின் ஆரம் சுமார் 120 பிக்சல் வரையுள்ள லூப்பைத் தாண்டுவான். பொத்தானை விட்டால் 37ஐக்கூடத் தாண்ட மாட்டான். சுவரின் ஆரம் இதைவிட 19 கூடுதல். உங்கள் லூப்பை அதற்குள் வரையுங்கள்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் சிக்கல்கள்

*உருளத் தொடங்கும்போது ஒரு துள்ளு:* உருளும்போது உடல் 9, 19இலிருந்து 7, 14 ஆகச் சுருங்கும். நடுப்புள்ளியை 5 பிக்சல் கீழே இறக்குங்கள், எழும்போது 5 மேலே. உருளும்போது சரிவின் இழுப்பும் வேறு: ஏறும்போது 0.078125, இறங்கும்போது 0.3125.

*சரிவில் பாய்ந்து வந்தபின் பொத்தானை அழுத்தினால் வேகம் குறைகிறது:* முதல் சோனிக்கும் அப்படித்தான், 6க்கு மேல் போனவனை முன்பொத்தான் 6க்கே இழுத்துவிடும். எனக்கு இது பிடிக்காது. 6க்குக் கீழே இருந்தால் மட்டும் முடுக்கம் சேருங்கள், மேலே இருந்தால் தொடாமல் விடுங்கள்.

*சுவரை ஊடுருவிப் போகிறான்:* சென்சார் ஒரு கட்டம்தான் தள்ளிப் பார்க்கும். எந்த அச்சிலும் வேகம் 16ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*சுழலும் ஸ்ப்ரைட் நசநசவென்று தெரிகிறது:* கோணத்தை 45இன் மடங்குக்கு வட்டமாக்கி வரையுங்கள். மெகா டிரைவிலும் எட்டுத் திசைகள்தான்.